ஒரே 200 வாட்: 60 ஆர்பிஎம்மா, 90 ஆர்பிஎம்மா? எந்தத் தசை இழை வேலை செய்கிறது?

கியர்மாற்றி:
வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டும் டிரெய்னரில் 200 வாட்டில் 20 நிமிடம் ஓட்டும்போது 60 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 60 சுற்று) என்றால் முன்தொடை கல்லாக இறுகுகிறது. 90 என்றால் மூச்சு வாங்குகிறது, ஆனால் கால் தாங்குகிறது. கேடன்ஸை, அதாவது மிதிக்கும் வேகத்தை, குறைத்தால் டைப் 2 இழைகள் (பலம் கூடிய, சீக்கிரம் களைக்கும் தசை இழைகள்) வேலைக்கு வருமா? அதற்காகவே மெதுவாக மிதித்துப் பழகலாமா? எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கும் அதிகபட்ச சக்தி) 240 வாட், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) 170 மிமீ.

முறுக்குவிசை:
வாட் ஒன்றுதான், மிதிக்கு மிதி கொடுக்கிற விசை வேறு. 200 வாட்டுக்கு 60-இல் சுமார் 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும், 90-இல் 21 போதும். உங்கள் கிராங்கில் அது முறையே 187, 125 நியூட்டன். அதாவது 19 கிலோ எடையும் 13 கிலோ எடையும். இது சுற்று முழுவதற்குமான சராசரி. கிராங்க் 3 மணி முள்போல முன்னால் நீட்டி நிற்கும் இடத்தில் இதைவிட நன்றாகவே கூடும்.

நரம்புக்குக் கேடன்ஸ் தெரியாது, தேவைப்படும் விசைதான் தெரியும். மோட்டார் யூனிட் என்பது ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசை இழைகளும். சின்ன யூனிட்டுகள் (டைப் 1, மெதுவான, எளிதில் களைக்காத இழைகள்) முதலில் வரும், போதாவிட்டால்தான் பெரியவை (டைப் 2). உடலியலாளர் ஹென்னமன் சொன்ன அளவு விதி இதுதான். 1992-இல் ஆல்குவிஸ்ட் குழுவினர் 85% விஓ2 மேக்ஸில் (உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவில் 85%) 30 நிமிடம் ஓட்டவைத்து, தொடைத்தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். டைப் 1-இல் கிளைகோஜன் (தசையில் சேமித்த சர்க்கரை) 50, 100 ஆர்பிஎம் இரண்டிலும் ஒரேபோலக் குறைந்திருந்தது. டைப் 2-இல் 50 ஆர்பிஎம்மில்தான் கூடுதலாகத் தீர்ந்திருந்தது. உங்கள் தொடை சொல்வதும் அதையே.

வேகஇழை:
மேலே சொன்னது சரி. ஆனால் இதை வைத்து "மெதுவாக மிதித்தால் ஸ்பிரின்ட் வரும்" என்று முடிவுகட்டாதீர்கள். 120 ஆர்பிஎம்மில் 1000 வாட் அடிக்க, அதே கிராங்கில் சராசரியே 468 நியூட்டன் வேண்டும். உங்கள் 187 அதில் பாதிகூட இல்லை. கால் பலத்துக்கு ஸ்குவாட்தான் வழி. பெடல் அந்தச் சுமையைத் தராது.

இன்னொன்று: 90-இல் ஓட்டினாலும் நேரம் நீள நீள டைப் 1 இழைகள் களைத்து, அதே விசைக்கே டைப் 2 உள்ளே வரும். மறுபக்கம், 120-இல் ஒரு கீழ்மிதிக்குக் கால் நொடிதான். மெதுவாகத் தளரும் இழைகள் அதற்குள் முழுதாக விடுபடாமல், மேலேறும் காலை இழுத்துப் பிடிக்கும்.

மலைமிதி:
செய்வதென்றால் இப்படி: 20 நிமிடம் வார்ம்அப், பிறகு 205 முதல் 215 வாட்டில் 8 நிமிடம், 55–60 ஆர்பிஎம், சீட்டை விட்டு எழாமல். நடுவில் 4 நிமிடம் லேசாக, 90-இல். மொத்தம் 4 முறை; தொடக்கத்தில் 2 போதும். வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். சாலையில் மணிக்கு 30 கிமீ போகும்போது 50×19 (முன் சக்கரத்தில் 50 பல், பின்னால் 19) என்றால் 90 ஆர்பிஎம், 50×13 என்றால் 62. இடுப்பு ஆடினாலோ ஹேண்டிலைப் பிடித்து இழுத்தாலோ கியர் கனம். முழங்கால் சில்லுக்கு முன்னால் வலித்தால் அன்றே நிறுத்துங்கள்; பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும்.

கியர்மாற்றி:
எர்க் மோடில் (டிரெய்னரே வாட்டை மாறாமல் வைக்கும் முறை) செய்யலாமா?

மலைமிதி:
வேண்டாம், ரெசிஸ்டன்ஸ் மோடுக்கு மாற்றுங்கள். எர்க்கில் களைத்து 60-இலிருந்து 45-க்கு இறங்கினால், 200 வாட்டைக் காப்பாற்ற மெஷின் பாரத்தை ஏற்றும். 187 நியூட்டன் 250 ஆகும். கேடன்ஸ் இன்னும் விழும், பாரம் இன்னும் ஏறும், கடைசியில் பெடல் அப்படியே நின்றுவிடும். முழங்கால் அடிபடுவது அந்தக் கடைசிச் சில மிதிகளில்தான்.