கணித இயற்பியல் படிக்க ஆசை, அப்பா இன்ஜினியரிங் போகச் சொல்றாரு

நிபோங்_பொண்ணு:
மலேசியா பினாங்குல, நிபோங் திபால் பக்கத்துல தோட்டத்துல இருக்கோம். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவப் பரீட்சை) எழுதிட்டேன். கணித இயற்பியல் படிக்கணும்னு ஆசை, ஆனா யுபியு (அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பம்) பட்டியல்ல அந்தப் பேர்ல ஒண்ணும் கண்ல படல. அப்பாவுக்கு செம்பனை ஆலையில, குலை வேக வைக்கிற ஸ்டெரிலைசர்ல வேலை. "யுஎஸ்எம் பல்கலைக்கழக இன்ஜினியரிங் வளாகம் நம்ம ஊர்லயே இருக்கு, நீ எங்க தேடுற"ங்கிறாரு. என்ன பண்ணலாம்?

மிண்டன்_பழசு:
தங்கச்சி, பேரை விடு, பாடத்தைப் பாரு. எடின்பரோவுல, கனடா வாட்டர்லூவுல அந்தப் பேர்லயே டிகிரி உண்டு. இங்க இயற்பியல் எடுத்துட்டு, கணிதத் துறைப் பாடங்களைக் கூடவே சேர்த்துக்கலாம்.

உனக்கு இது ஒத்து வருமான்னு தெரிய அப்பா வேலையையே எடுத்துக்கோ. குலைக்கு வெளியே பழம் வெந்தாலும் நடுத்தண்டுக்குச் சூடு ஏற நேரமாகும். எவ்வளவு நேரம்னு சொல்றது பிரெஞ்சு கணித அறிஞர் ஃபூரியேவோட வெப்பச் சமன்பாடு. இன்ஜினியர் அதைக் கம்ப்யூட்டர்ல போட்டு நிமிஷத்தைச் சொல்லிடுவாரு, சம்பளமும் அங்கதான். ஆனா ஃபூரியே அதைத் தீர்க்க, எந்த வடிவத்தையும் சைன் அலைகளைக் கூட்டியே எழுதிடலாம்னு 1807-ல சொன்னப்ப, அப்போ பெரிய கணித மேதையா இருந்த லக்ராஞ்சு ஒத்துக்கவே இல்ல. என்ன நிபந்தனையில அது செல்லும்னு டிரிஷ்லேன்னு இன்னொரு கணித அறிஞர் 1829-லதான் நிரூபிச்சாரு. அந்தச் சண்டை என்னன்னு தெரியாம உனக்குத் தூக்கம் வரலன்னா, நீ இந்தப் பக்கத்து ஆளு. "விடைதான் வந்துருச்சே"ன்னு தோணினா அப்பா பேச்சைக் கேளு.

இன்னொண்ணு, நேரியல் இயற்கணிதத்தை (வெக்டர், மேட்ரிக்ஸ் கணக்கு) முதல் வருஷமே கெட்டியாப் பிடி. குவாண்டம் (அணு அளவு இயற்பியல்) வரும்போது ஹில்பர்ட் வெளிங்கிற வெக்டர் வெளி, அதுல வெக்டரை மாத்துற ஆபரேட்டர்னு அதுதான் முழுக்க. நான் பார்த்த பசங்க நிறைய பேர் அங்கதான் தடுக்கி விழுந்தாங்க.

பாயான்_ஷிப்ட்:
நானும் இயற்பியல்தான். இப்ப சிப் பேக்டரியில டெஸ்ட் பிரிவு. இன்டர்வியூல தேற்றத்தைப் பத்தி ஒரு கேள்வி இல்ல, பைதான் புரோகிராமிங் தெரியுமான்னுதான் கேட்டாங்க. அதையும் படிச்சு வை லா.

நிபோங்_பொண்ணு:
நடுத்தண்டு விஷயத்தை அப்பாகிட்ட கேட்டேன். வேகாத குலையில பழம் உதிராது, திரும்ப உள்ள தள்ளணும்னு ரொம்ப நேரம் பேசினாரு. முடிச்சதும் மறுபடி இன்ஜினியரிங்! மிண்டன் அண்ணே, வெளிநாட்டுக்கெல்லாம் காசு இல்ல. இயற்பியலை முதல் தேர்வா போடவா?

மிண்டன்_பழசு:
போடு. ரெண்டாவதா உங்க ஊர் வளாகத்தைப் போட்டுடு, வீட்ல சத்தம் குறையும். கணிதத்தை மைனரா (துணைப் பாடமா) எடுக்க முடியுமான்னு மட்டும் சேர்றதுக்கு முன்னாடியே போன் போட்டுக் கேட்டுக்கோ.