எங்கள் ஊர் நாடக மன்றத்தின் வரலாறு: எங்கிருந்து ஆரம்பிப்பது?

சைடு விங்:
எங்கள் மன்றம் 1984இல் சங்கமாகப் பதிவானது. லாப நோக்கம் கிடையாது. சந்தாவும் டிக்கெட் பணமும் அடுத்த நாடகத்துக்கே போய்விடும். ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இருக்கிற ஆல்பங்களில் எல்லாம் பொன்னாடை போர்த்தும் படம்தான். தொடங்கியவர்களில் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். முதல் நாடகத்தை எழுதியது தான்தான் என்று இருவருமே சொல்கிறார்கள்!

பழைய பிராம்ப்டர்:
தம்பி, ஆல்பத்தை மூடிவிட்டு வரவு செலவு நோட்டைத் தேடுங்கள். எங்கள் மன்றத்துக்கு நான் எழுதியது அதை வைத்துத்தான். சீன் வாடகை, விக் வாடகை, மேக்கப், ஒத்திகைக்கு டீ என்று வரிசையாக இருக்கும். அதில் 'நடிகை சம்பளம்' என்று ஒரு வரி வரும். உள்ளூர்ப் பெண்கள் மேடையேறத் தயங்கிய காலம், வெளியூரிலிருந்து அழைத்து வந்தோம். ஒரு குறிப்பிட்ட வருடத்துக்குப் பிறகு அந்த வரியே இல்லை. ஏனென்றால் உறுப்பினர்களின் வீட்டுப் பெண்களே நடிக்க வந்துவிட்டார்கள். இதை எந்தத் தலைவர் உரையிலும் பார்க்க முடியாது.

அப்புறம், பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' படியுங்கள். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். நாடகக்காரன் என்றாலே இளக்காரமாகப் பார்த்த காலத்தில், படித்து உத்தியோகம் பார்த்தவர்கள் பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காக நடித்த சபை அது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திகூட அங்கே நடித்தவர்தான். யார் எந்த வேஷம் கட்டினார், எப்படி நடித்தார் என்று மனிதர் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போவார். மலர் என்றால் அப்படி இருக்க வேண்டும். வாழ்த்துரைகளை யார் படிக்கிறார்கள்?

ஒத்திகைக்கூடம்:
இன்னொரு வழி இருக்கிறது. 1954ஆம் வருட நாடக நிகழ்ச்சிகள் சட்டப்படி நாடகப் பிரதியைப் போலீஸில் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் இருந்ததே. அதன் முக்கியப் பிரிவுகளை 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அப்படி முத்திரை வாங்கிய பிரதி யாராவது ஒருவர் பரணில் இருக்கும். நாடகத்தின் பெயர், எழுதியவர், தேதி மூன்றும் கிடைத்தால் பெரியவர்கள் சண்டையும் தீரும். சங்கத்தின் ஆரம்பகால நிர்வாகிகள் யார் என்று பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

சைடு விங்:
கணக்கு நோட்டு முன்னாள் பொருளாளர் வீட்டில் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பெரியவர்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைக்கலாமா?

பழைய பிராம்ப்டர்:
ஐயோ, வேண்டாம்! தனித்தனியாகப் பாருங்கள். யார் எழுதியது என்று கேட்காதீர்கள். திரை இழுத்தது யார், வசனம் மறந்தது யார் என்று கேளுங்கள், மற்றது தானாக வரும். போனில் ரெக்கார்டு செய்ய முதலிலேயே சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.