இந்து திருமணச் சட்டமும் மனநோயும்: விதிகள் மாறியது எப்படி?

கேள்வி:
ஒருவருக்கு மனநோய் இருந்தால் திருமணமே செல்லாது என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். 1955ஆம் ஆண்டுச் சட்டம் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா?

மறுமொழி 1:
தொடக்கத்தில் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. திருமணத்தின்போது இருவரில் எவரும் பித்துப் பிடித்தவராக இருக்கக்கூடாது என்பதே 5ஆம் பிரிவின் நிபந்தனை. 1976 திருத்தம் இதை விரித்து, சம்மதம் தர இயலாத மனநிலை, இல்வாழ்க்கைக்கும் மகப்பேற்றுக்கும் தகுதியற்றவராக்கும் அளவிலான மனக்கோளாறு, திரும்பத் திரும்ப வரும் பித்து அல்லது வலிப்பு எனப் பிரித்தது. நரம்பியல் நோயான வலிப்பை இதில் சேர்த்தது வெட்கக்கேடு. அது நீக்கப்பட 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த நிபந்தனையை மீறிய திருமணம் தானாகவே செல்லாததாகிவிடாது. 12ஆம் பிரிவின்படி வாழ்க்கைத்துணை வழக்குத் தொடுத்து நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அது செல்லும்.

கேள்வி கேட்டவர்:
விவாகரத்துக்கு மருத்துவச் சான்று ஒன்றே போதுமா?

மறுமொழி 1:
போதாது. ராம் நாராயண் குப்தா வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம், மனச்சிதைவு நோய் என்ற பெயர் மட்டும் காரணமாகாது என்றும், சேர்ந்து வாழும்படி மனுதாரரை நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்கு நோய் கடுமையானது என நிரூபிக்கப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவராகக் கருதக்கூடாது என்கிறது. ஆனால் திருமணச் சட்டத்தின் பழைய சொற்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.