அக்காவின் ரிப்போர்ட்

காரைக்குடிப் பக்கம் பெண்களை எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை. நானும் அவர்களைப் போலப் பாலியல் தொழிலில் இருந்தவள்தான், அதனால் யாரும் என்னிடம் மறைப்பதில்லை. இந்த அக்கா பல வருடமாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறவர், ஒரு வேளை தவறியதில்லை. போன வருடம் ஒரே அசதி, சோறு இறங்கவில்லை. "மாத்திரைச் சூடு ஆத்தா, மோர் குடிச்சாச் சரியாயிரும்" என்றார். நானும் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

ரத்தம் எடுத்தால் ஹெபடைடிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் கிருமி. எச்.ஐ.வி.யோடு சேர்ந்தால் இது கல்லீரலைச் சீக்கிரம் கெடுக்கும். தொழிலால் வந்தது என்று அக்கா அழுதார். ஆனால் இது பெரும்பாலும் ரத்தம் வழியாகத்தான் பரவும், உடலுறவில் குறைவு (எச்.ஐ.வி. இருந்தால் கொஞ்சம் கூடும்). முழங்கையில் பச்சை குத்தியிருந்ததைக் காட்டினார். திருவிழாவில் வரிசையாக உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே ஊசி. அதுவா, வேறு எதுவுமா, யார் கண்டது?

இதற்கு ஆயுள் முழுக்க மருந்து வேண்டாம். சோஃபோஸ்புவிர், டக்ளாடாஸ்விர் என்று இரண்டு மருந்து, 12 வாரம். 2018-ல் வந்த தேசியத் திட்டத்தில் இலவசம். எச்.ஐ.வி. கூட்டு மருந்தில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்தால் டக்ளாடாஸ்விரை 60 மில்லிகிராமிலிருந்து 90 ஆக்க வேண்டும், அதனால் பழைய மருந்துச்சீட்டையெல்லாம் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனோம். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்த்தார்கள். கிருமி இல்லை.

அப்புறம்தான் கூத்து. பல் பிடுங்கப் போன இடத்தில் ரத்தம் பார்த்து, "சி பாசிட்டிவ்" என்று அக்காவை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒன்றரை மணி நேரம். குணமான பிறகும், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் தங்கும், சாதாரணப் பரிசோதனை அதைத்தான் காட்டும் என்று நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் பல்லைப் பிடுங்காமலே அனுப்பிவிட்டார்கள்.

*

அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி இரண்டும் இருந்தது, சி போய்விட்டது. வைரல் லோடு ரிப்போர்ட்டை லேமினேட் செய்து பர்ஸிலேயே வைத்திருக்கிறேன், அக்காவையும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள். ஒரு தடவை குணமானால் திரும்ப வராது என்று நினைத்திருந்தேன், வரும் என்று டாக்டர் சொன்னார். சென்ற மாதம் சந்தையில் பச்சை குத்தும் அம்மாவிடம் புது ஊசி கேட்டேன். முறைத்தது. மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.