'செட்' என்ற சொல்லைக் கற்பிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். பாம்பனில் மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். இப்போது 'செட்' என்ற சொல்லில் வந்து நிற்கிறோம். 1989இல் வெளியான ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் இதுதான் என்பதால், பிள்ளைகள் திணறுவதில் வியப்பில்லை. மைக் செட், செட் தோசை, 'அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது' என்று நாள்தோறும் பேசுகிறவர்கள், பொழுது அடைவதற்கும், தயிர் உறைவதற்கும், முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும், கடலில் வலை விடுவதற்கும், கல்யாணத்துக்கு நாள் குறிப்பதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே வினை போதும் என்றால் நம்ப மறுக்கிறார்கள். இறந்தகாலத்திலும் அது வடிவம் மாறாது என்பது கூடுதல் தொல்லை. கணிதத்தில் வரும் 'கணம்', டென்னிஸ் ஆட்டத்தின் 'செட்' போன்ற பெயர்ச்சொற்கள் எளிதில் புரிந்துவிட்டன.

ஓரிடத்தில் நிலைக்க வைத்தல் என்ற அடிப்படைப் பொருளிலிருந்து தொடங்குவதா, அல்லது 'செட் அப்', 'செட் ஆஃப்', வாடைக்காற்று பிடித்துக்கொள்வதைச் சொல்லும் 'செட் இன்' போன்ற கூட்டு வினைகளை முதலில் தனியே பிரித்துவிடுவதா? மனப்பாடப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை இல்லை. வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த பயிற்சித் தாள்களோ, மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய கடல்தொழில் எடுத்துக்காட்டுகளோ வைத்திருப்பவர்கள் பகிர்ந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.