பக்கவாதத்துக்குப் பின் தாமாகவே உடுத்திக்கொள்ள வழி என்ன?

கேள்வி: பக்கவாதத்தால் இடக்கை வலுவிழந்த என் அம்மா, ரவிக்கையின் கொக்கிகளைப் பிறர் மாட்டிவிட நேர்வதை எண்ணி மிகவும் வருந்துகிறார். அவர் தாமாகவே உடுத்திக்கொள்ள உதவும் கருவிகள் எவை?

பதில் 1: கருவிகளை வாங்குவதற்கு முன் உடுத்தும் வரிசையைப் பழக்குங்கள். பாதங்கள் தரையில் நன்கு ஊன்றும்படி உறுதியான நாற்காலியில் அமர்ந்து, வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கையே கடைசியாக வெளிவர வேண்டும். என் தந்தைக்கு இந்த ஒன்றைக் கற்றுக்கொடுத்த பிறகுதான் சட்டை அணிவது கைவந்தது. பொத்தான்களுக்கு, கைப்பிடியில் கம்பி வளையம் பொருத்திய சிறு கருவியைப் பயன்படுத்துகிறார். வளையத்தைக் காஜாவுக்குள் விட்டு, பொத்தானைச் சிக்கவைத்து இழுத்தால் ஒரே கையால் மாட்டிவிடலாம்.

பதில் 2: ரவிக்கைக்கு அந்தக் கருவி பயன்படாது. கொக்கிகளை எடுத்துவிட்டு, முன்பக்கத்தில் வெல்க்ரோ பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். துவைக்கும் முன் பட்டையை ஒட்டிவிடுங்கள், இல்லையேல் சேலையின் நூலை இழுத்துவிடும். கொசுவம் மடித்துத் தைத்த சேலைகளும் கடைகளில் கிடைக்கின்றன.

பதில் 3: காலையில் அரைமணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். அவர் தடுமாறும்போது, கேட்காமல் கைகொடுக்க விரையாதீர்கள்.