நாசரேத் வீட்டு வாட்ஸ்அப் குரூப், சனிக்கிழமை ராத்திரி

செல்வின் 8:14
[வீடியோ 0:11, பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது]
எல்லாரும் பாத்தீங்களா, நம்ம தொகுதில நிக்கிற அந்தம்மா பேசுன பேச்சை. பனையேறிகளுக்கு குடுக்குற உதவித்தொகை வேண்டாத செலவாம். இவங்களுக்கா நம்ம ஓட்டு

ரூபன் பஹ்ரைன் 8:16
என்ன தைரியம் பாரு. எங்க ரூம்ல நம்ம ஊர்க்காரனுவ நாலு பேரு இருக்கானுவ, அவங்களுக்கும் அனுப்புறேன்

கிரேஸ் அத்தை 8:19
மக்கா இது எங்க பேசுனது, எப்ப பேசுனது

செல்வின் 8:20
தெரியல அத்தை, காலேஜ் குரூப்ல வந்துச்சு. ஆனா குரல் அவங்க குரல்தான், முகமும் அவங்கதான்

ஹெப்சி அக்கா 8:37
தேடிப் பாத்தேன். அவங்க பேஜ்லயே முழுப் பேச்சும் கிடக்கு, 26 நிமிஷம். 14வது நிமிஷத்துல இருந்து கேளுங்க. அவங்க சொன்னது இதுதான்: "பனையேறிகளுக்குக் குடுக்குற உதவித்தொகை வேண்டாத செலவுன்னு ஒரு அதிகாரி எங்கிட்ட சொன்னாரு, நான் பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன்." செல்வின் நீ போட்டதுல "செலவு" வரைக்கும்தான் இருக்கு, அந்த "ன்னு" வர்றதுக்கு முன்னாடி வெட்டிட்டாங்க. திரும்பக் கேட்டுப் பாரு, சத்தம் டக்குனு நிக்கிறது தெரியும்

செல்வின் 8:41
ஆமாக்கா இப்பதான் கேக்குறேன். சரி எனக்கு எப்படித் தெரியும், நானா வெட்டுனேன், வந்ததை அனுப்பினேன் அவ்வளவுதான்

ஜெபராஜ் பெரியப்பா 8:58
செல்வின் நான் மெதுவாத்தான் டைப் பண்ணுவேன், பொறுமையா படி. முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன், அந்தம்மாவுக்கு நான் ஓட்டுப் போடப் போறது இல்ல, அவங்க கட்சிக்கு நான் ஒருநாளும் போட்டதும் இல்ல. அதனால இதை அவங்களுக்காகப் பேசுறேன்னு நினைக்காத. 14ஆம் சங்கீதம் முதல் வசனம் உனக்கு மனப்பாடம், சண்டே ஸ்கூல்ல அத்தை சொல்லிக் குடுத்தது, "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்". அதுல "என்று" வர்றதுக்கு முன்னாடி ஒருத்தன் கத்திரியை வச்சான்னா தேவன் இல்லைன்னு வேதமே சொல்லுதுன்னு ஆயிரும். எழுத்து ஒண்ணைக்கூட மாத்த வேண்டியதில்ல, ஒரு "ன்னு"வை எடுத்தாப் போதும். இது புதுசா வந்த வித்தையும் இல்ல. வனாந்தரத்துல சாத்தான் இயேசு ஆண்டவர்கிட்ட 91ஆம் சங்கீதத்தைச் சொல்லுதான்லா, மத்தேயு 4ல பாரு, தூதர்களுக்குக் கட்டளையிடுவார், கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள்னு வசனம் எல்லாம் சரியாத்தான் சொல்லுதான். ஆனா 11ஆம் வசனத்துல "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி"ன்னு இருக்கே, அந்த வழிகளிலெல்லாம்ங்கிறதை விட்டுட்டான். நிறுத்துன இடத்தையும் பாரு, 12ஓட நிறுத்திட்டான், 13ல வலுசர்ப்பத்தை மிதித்துப்போடுவாய்னு வருது

கிரேஸ் அத்தை 9:01
ஆமா அண்ணன், எத்தனை தடவை படிச்சிருக்கேன், 13க்கு முன்னாடி நிறுத்துனதை நான் கவனிச்சதே இல்ல

செல்வின் 9:03
பெரியப்பா நீங்க சொல்றது வெட்டுனவனுக்கு. நான் வெட்டலையே

ஜெபராஜ் பெரியப்பா 9:12
15ஆம் சங்கீதம் எடு. கர்த்தருடைய கூடாரத்துல யார் தங்குவான்னு கேட்டு பதில் சொல்லிட்டு வருது, 3ஆம் வசனம், நாவினால் புறங்கூறாமலும், தோழனுக்குத் தீங்குசெய்யாமலும், அப்புறம் "தன் அயலான்மேல் சொல்லப்படும் நிந்தையான பேச்சை எடாமலும்"னு இருக்கு. எடாமலும்னா எடுக்காம. பேச்சை உண்டாக்குறவன் ஒருத்தன், கீழ கிடந்ததை எடுத்துட்டுப் போறவன் இன்னொருத்தன், ரெண்டு பேரையும் தனித்தனியாத்தான் வச்சிருக்கு. யாத்திராகமம் 23லயும் பொய் சொல்லாதேன்னு நிறுத்தல, அபத்தமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாகன்னு கேக்குறவனுக்கும் சேத்துத்தான் கட்டளை. நீ எடுத்த, ரூபன் எடுத்தான், இன்னும் அரைமணி நேரத்துல பஹ்ரைன்ல நாலு பேரு எடுப்பானுவ

ரூபன் பஹ்ரைன் 9:13
பெரியப்பா நான் அப்பவே அனுப்பிட்டேன், இப்ப டெலிட் ஃபார் எவ்ரிஒன் குடுத்துட்டேன். ரெண்டு பேரு அதுக்குள்ள பாத்துட்டான்

டேவிட் அத்தான் திருப்பூர் 9:20
லேட்டா வரேன், இன்னைக்கு ஷிப்மென்ட். இந்த எடுத்துட்டுப் போற விஷயத்தை நான் கண்ணால பாத்திருக்கேன் மாமா. 2023 மார்ச்ல ஹோலிக்கு முன்னாடி, தமிழ்நாட்டுல பீகார் ஆளுங்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு வீடியோவெல்லாம் சுத்துச்சு ஞாபகம் இருக்கா. எல்லாம் வேற எப்பவோ வேற எதுக்கோ நடந்த சண்டை. எங்க கம்பெனில தையல் செக்‌ஷன்ல இருந்த பசங்க அம்மா போன் பண்ணி அழுறாங்கன்னு பெட்டியைத் தூக்கிட்டு நிக்கிறானுங்க, நான் கேக்குறேன் உன்னை யாராவது அடிச்சாங்களாடா, இல்ல சார். உன் ரூம்ல யாரையாவது, இல்ல சார். அப்புறம் ஏண்டா போற, அம்மா அழுவுது சார். டிஜிபி வீடியோவுல வந்து எல்லாம் பொய்னு சொன்னாரு, பீகார்ல இருந்து அதிகாரிங்க குழு வந்து திருப்பூர்ல கோயம்புத்தூர்ல எல்லாம் நேர்ல விசாரிச்சுட்டுப் போனாங்க. அதுக்கப்புறமும் ஸ்டேஷன்ல கூட்டம். ஒரு பையன் சம்பளம்கூட வாங்காம போயிட்டான், ரெண்டு மாசம் கழிச்சு அக்கவுண்ட்ல போட்டு விட்டேன்

கிரேஸ் அத்தை 9:27
அது பயத்தோட நின்னுச்சு டேவிட். 2018 மே மாசம் போளூர் பக்கத்துல நடந்தது அப்படி நிக்கலையே. சென்னையில இருந்து குலதெய்வம் கோயிலுக்குக் கார்ல போன குடும்பம், வழி கேக்க இறங்குனாங்க, அங்க விளையாடிட்டு இருந்த பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்திருக்காங்க. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு அதுக்கு முன்னாடி எத்தனையோ நாளா வாட்ஸ்அப்ல சுத்திட்டு இருந்துச்சு. 65 வயசு அம்மாவை ஊரே சேந்து அடிச்சுக் கொன்னுட்டாங்க. நானும் அந்த மெசேஜை அப்ப நம்ம தெரு குரூப்ல போட்டேன், பிள்ளைங்களைப் பத்திரமா பாத்துக்கோங்கன்னு நல்ல மனசோடதான் போட்டேன். என் மெசேஜ் போளூர் வரைக்கும் போயிருக்காதுதான். ஆனா லேவியராகமம் 19:16ஐ அதுக்கப்புறம் என்னால பழைய மாதிரி படிக்க முடியல. "அங்குமிங்கும் கோள்சொல்லித் திரியாயாக"ன்னு சொல்லிட்டு அதே வசனத்துல, அதே மூச்சுல, "பிறனுடைய இரத்தப்பழிக்கு உட்படவேண்டாம்"னு வருது. கோளுக்கும் இரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்னு சின்ன வயசுல தோணும். இப்ப தோணல

ஹெப்சி அக்கா 9:33
அந்த வருஷம் ஜூலைலதான் இந்தியாவுல ஒரே நேரத்துல 5 சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டான். 2020 ஏப்ரல்ல இருந்து, பலமுறை ஃபார்வர்டு ஆனதுன்னு ரெட்டை அம்பு போட்ட மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். செல்வின், உன் வீடியோவுல ரெட்டை அம்பு இருக்கு. எத்தனை இடத்துக்கு அனுப்பின

செல்வின் 9:35
4 குரூப் அக்கா

ஹெப்சி அக்கா 9:35
அப்ப ஒவ்வொண்ணா நாலு தடவை அனுப்பிருக்க

செல்வின் 9:41
ஆமா. சரி தப்புதான். ஆனா ஒண்ணு கேக்குறேன் கோவப்படாதீங்க. மேடையில நிக்கிறவங்க எல்லாரும் வாய்கூசாம பொய் சொல்றாங்க, டிவில உக்காந்து சொல்றாங்க, கட்சிக்கு ஐடி விங்னு சம்பளம் குடுத்து ஆள் வச்சு சொல்றாங்க. அவங்களை விட்டுட்டு என்னை மாதிரி ஒருத்தனைப் புடிச்சு வசனம் சொன்னா எப்படி

கிரேஸ் அத்தை 9:54
நல்ல கேள்விதான் மக்கா. வேதம் மேல இருக்குறவங்களை விட்டுறல, ஆனா கீழ இருக்குறவங்களையும் விடல. 1 இராஜாக்கள் 21 நாபோத் கதை. ஆகாப் ராஜாவுக்கு யெஸ்ரயேல்ல இருந்த திராட்சத்தோட்டம் வேணும், நாபோத் என் பிதாக்கள் சொத்து தரமாட்டேன்னுட்டான். அவன் பொண்டாட்டி யேசபேல், ராஜா பேர்ல லெட்டர் எழுதி ராஜா முத்திரையைப் போட்டு அந்த ஊர் மூப்பர்களுக்கு அனுப்புறா, உபவாசம் கூறுங்க, நாபோத்தை முன்னால உக்கார வைங்க, ரெண்டு பேரை எதிர்ல உக்கார வச்சு தேவனையும் ராஜாவையும் தூஷிச்சான்னு சொல்ல வைங்கன்னு. ஏன் ரெண்டு பேரு? ரெண்டு மூணு சாட்சி இல்லாம யாரையும் கொல்லக்கூடாதுன்னு நியாயப்பிரமாணம், அதை அவ ஒழுங்காப் பின்பற்றுறா பாரு! உபவாசமும் உண்டு, சபையும் உண்டு, சாட்சியும் உண்டு, எல்லாம் சட்டப்படி. கல்லெறிஞ்சு கொன்னுட்டு மூப்பருங்க தகவல் அனுப்புறாங்க, யாருக்கு அனுப்புறாங்கன்னு 14ஆம் வசனத்தைப் பாரு. லெட்டர் வந்தது ராஜா பேர்ல, பதில் போனது யேசபேலுக்கு! அப்ப எழுதுனது யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சேதான் இருந்திருக்கு. நாபோத்தோட ஒரே ஊர்ல குடியிருக்கிற மூப்பருங்க, அவன் எப்படிப்பட்டவன்னும் தெரியும். ஒருத்தராவது எந்திரிச்சு இது பொய்னு சொல்லிருந்தா போதும்

ஜெபராஜ் பெரியப்பா 10:06
அதுக்கு அடுத்த அதிகாரத்தையும் சேத்துப் படிக்கணும் கிரேஸ். அதே ஆகாப் ராமோத் கீலேயாத்துக்கு யுத்தத்துக்குப் போகலாமான்னு கேக்குதான், 400 தீர்க்கதரிசிகள் போம், ஜெயம்தான்னு ஒரே குரல்ல சொல்லுதாவ. மிகாயா ஒருத்தன்தான் பாக்கி. அவனைக் கூப்பிடப் போன ஆளு வழியிலயே சொல்லுதான், எல்லாரும் நல்லதாச் சொல்லிட்டாவ, நீரும் அப்படியே சொல்லும்னு. மிகாயா உள்ளதைச் சொன்னான், கன்னத்துல அறை வாங்கினான், ஜெயிலுக்குப் போனான். ஆகாப் வேஷம் மாறி யுத்தத்துக்குப் போயும் யாரோ குறி வைக்காம விட்ட அம்பு பட்டுச் செத்தான். 21ல பொய்ச்சாட்சியை வச்சுக் காரியம் சாதிச்ச ராஜாவுக்கு 22ல உண்மை சொல்ல ஒருத்தன் வந்தாலும் கேக்கக் காது இல்லாமப் போச்சு. மேல இருக்குறவங்களுக்கு வேதம் என்ன சொல்லுதுன்னு கேட்டியே செல்வின், இதுதான். சுத்தி நிக்கிறவன் எல்லாம் இச்சகம் பேசுனா தன் சாவு எந்தப் பக்கம் வருதுன்னு ராஜாவுக்கே தெரியாது

ரூபன் பஹ்ரைன் 10:10
பெரியப்பா ஒரு டவுட். எரிகோவுல ராகாப் இஸ்ரவேல் வேவுகாரங்களை ஒளிச்சு வச்சிட்டு போயிட்டாங்கன்னு பொய்தானே சொன்னா, எகிப்துல மருத்துவச்சிங்களும் ஆண் பிள்ளைங்களைக் கொல்லாம விட்டுட்டு பார்வோன்கிட்ட பொய்தான் சொன்னாங்க. தேவன் அவங்களுக்கு நன்மைதானே செஞ்சாரு

ஜெபராஜ் பெரியப்பா 10:17
கட்டளையோட வார்த்தையைப் பாரு, "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக". பிறனுக்கு விரோதமாக. அவங்க ரெண்டு பேரும் சொன்னது கத்திக்கும் சாகக் கிடந்தவங்களுக்கும் நடுவுல நின்னு சொன்னது, தன் உசுரைப் பணயம் வச்சுச் சொன்னது. வள்ளுவரும் "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்"னு ஒரு வாசலைத் திறந்துதான் வச்சிருக்காரு. ஆனா அந்த வாசல் வழியா ஓட்டு வாங்கப் போறவன் நுழைய முடியாது

ஹெப்சி அக்கா 10:24
சட்டத்துலயும் இருக்கு, தேர்தல்ல ஒரு வேட்பாளரோட தனிப்பட்ட நடத்தையைப் பத்தி பொய்னு தெரிஞ்சே பரப்பினா குற்றம், முன்னாடி ஐபிசி 171ஜி, இப்ப ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 175. தண்டனை அபராதம் மட்டும்தான். உபாகமம் 19ல என்ன தண்டனை தெரியுமா, பொய்ச்சாட்சி சொன்னவன் தன் சகோதரனுக்கு என்ன செய்ய நினைச்சானோ அதையே அவனுக்குச் செய்யணும். அதோட 17ஆம் அதிகாரத்துல, முதல் கல்லைச் சாட்சி சொன்னவன் கைதான் எறியணும், ஜனங்க கை அதுக்கு அப்புறம். கோர்ட்ல கூண்டுல ஏறுற ஒவ்வொரு சாட்சியையும் பாக்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும். சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட முடியாது, கல்லு உன் கையிலதான்

ஜெபராஜ் பெரியப்பா 10:49
பிள்ளைகளுக்குச் சொல்லாத ஒண்ணைச் சொல்லுதேன். கிரேஸுக்குத் தெரியும். அப்பா, உங்க தாத்தா, சபைக் கணக்கு எழுதுனவங்க. ஒரு வருஷம் அசனத்துக்கு, அதான் சபை விருந்துக்கு, வாங்குன அரிசியில பணத்தை எடுத்துட்டாருன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. யார் ஆரம்பிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அப்ப வாட்ஸ்அப்பா இருந்துச்சு, கிணத்தடியும் டீக்கடையும்தான். ஒரு மாசம் கழிச்சு அரிசிக்கடைக்காரர் தேடிப் பிடிச்சு சீட்டைக் கொண்டாந்து குடுத்தாரு, மூட்டைக் கணக்கு, தொகை எல்லாம் அப்பா எழுதுனபடியே இருந்துச்சு. கமிட்டியில வாசிச்சாங்க, சரின்னாங்க. ஆனா பேச்சை எடுத்துட்டுப் போனவங்க ஒருத்தரும் சீட்டை எடுத்துட்டுப் போகல. அதுக்கப்புறம் அப்பா முன்வரிசையில உக்காரல, தூணுக்குப் பின்னால அந்தக் கடைசி பெஞ்சுலதான் உக்காருவாங்க. அசனத்தன்னைக்கு எல்லாருக்கும் பரிமாறுவாங்க, வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிடுவாங்க. அம்மா ஏன்னு கேக்கவே மாட்டாங்க

கிரேஸ் அத்தை 10:52
அந்தச் சீட்டு இன்னும் அப்பா பைபிள்ல இருக்கு அண்ணன். 15ஆம் சங்கீதத்துல ஊசி குத்தி வச்சிருக்காங்க. ஊசி துருப்பிடிச்சுப் பக்கத்துல கறை இறங்கிருக்கு

டேவிட் அத்தான் திருப்பூர் 10:53
மாமா எனக்கு இது தெரியவே தெரியாது. தாத்தா ஏன் பின்னால உக்காருறாங்கன்னு கேட்டதுக்கு காத்து நல்லா வருதுன்னு சொன்னாங்க

செல்வின் 11:20
பெரியப்பா நாலு குரூப்லயும் டெலிட் பண்ணிட்டேன். டெலிட் பண்ணா மட்டும் பாத்தவனுக்குத் தெரியாதுல்ல, அதனால முழு வீடியோ லிங்க்கைப் போட்டு, நான் போட்டது வெட்டுனது, விசாரிக்காம போட்டது என் தப்பு, அந்தம்மா சொன்னது இதுக்கு நேர்மாறுன்னு என் பேர் போட்டே எழுதிருக்கேன். ரெண்டு குரூப்ல எவ்வளவு பணம் வாங்குனன்னு கேக்குறானுங்க

ஜெபராஜ் பெரியப்பா 11:22
கேக்கட்டும்

செல்வின் 11:24
அப்புறம் எனக்கு அதை முதல்ல அனுப்புனவன் இருக்கான்ல, அவனுக்கும் லிங்க் அனுப்பினேன். தெரியும்டா, எலெக்‌ஷன் முடியட்டும்னு பதில் போட்டிருக்கான்

ஹெப்சி அக்கா 11:25
தெரிஞ்சேவா

செல்வின் 11:26
ஆமாக்கா. நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் அவன் வீட்டுக்கே போறேன், மெசேஜ்ல பேசுனா சரியா வராது. பெரியப்பா நீங்களும் வரீங்களா

ஜெபராஜ் பெரியப்பா 11:29
வாரேன். முதல் ஆராதனை முடிஞ்சு கடைசி பெஞ்சுகிட்ட நில்லு